லில்லி கேட்டாச்சா?

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு போன். புதிதாகச் சேர்ந்திருக்கும் இளநிலை உதவியாளர். பெயர் சொன்னார், மறந்துவிட்டேன். குரலில் மரியாதை இருந்தது, அதைவிட அவசரம் இருந்தது.

“சார், ஸ்கேனருக்கு மேல செவுத்துல ஒரு தாள் ஒட்டியிருக்கு. ‘இதில் எதையும் வைக்குமுன் லில்லியிடம் கேட்கவும்’னு எழுதி, கீழ உங்க கையெழுத்து. இங்க லில்லின்னு யாருமே இல்லியே சார். கிழிச்சிரட்டுமா?”

“கிழிச்சா கைய ஒடிப்பேன்” என்றேன். ஓய்வுபெற்றவன் விடுக்கக்கூடிய உச்சபட்ச மிரட்டல் அது. அவர் பயப்படவில்லை. சிரித்தார்.

“பின்ன யாரு சார் லில்லி?”

“எழுதி அனுப்புதேன்.”

“கையால எழுதி போட்டோ எடுத்து வாட்ஸ்அப்புல போட்டுருங்க சார், போதும்.”

போட்டோ எடுத்துப் போட்டால் போதுமாம்! இதற்காகவே நான் உட்கார்ந்து எழுதத்தான் வேண்டும்.

நான் தாணுமாலயன், சுசீந்திரத்துக்காரன். அலுவலகத்தில் தாணு. நாகர்கோவிலில் ஒரு மாவட்ட அலுவலகத்தில் தட்டச்சராகச் சேர்ந்து, தட்டச்சராகவே முப்பது சொச்சம் வருடம் தட்டினேன். எந்தத் துறை என்று சொல்லப்போவதில்லை. இன்னும் அந்த வழியாகத்தான் பேருந்துக்குப் போகிறேன்.

2004இல் எங்களுக்குக் கணினி வந்தது. ஐந்து நாள் பயிற்சி கொடுத்தார்கள். தட்டச்சுப்பொறியில் வரி முடியும்போது மணி அடிக்கும், இடது கையால் பிடியைத் தட்டி மேல்பகுதியை வலப்பக்கம் தள்ள வேண்டும். இருபது வருடப் பழக்கம் மணி அடிக்காவிட்டாலும் விடுமா? ஒவ்வொரு வரி முடிவிலும் என் இடது கை எழுந்துபோய்க் கணினித் திரையை ஒரு தள்ளு தள்ளியது. மாலை நாலு மணிக்குத் திரை மேசையின் வலது ஓரத்துக்கு வந்துவிட்டது. பயிற்சியாளர் ஓடிவந்து தாங்கிப் பிடித்தார். “சார், வேகம் கொஞ்சம் கூடுதல்” என்றார். அதைப் பாராட்டு என்றே நான் பல வருடம் நம்பியிருந்தேன்.

பயிற்சி அவ்வளவுதான். அடுத்து ஸ்கேனர் வந்தது. அதன்பின் எங்கள் அலுவலகத்துக்கென்று ஓர் இணையதளம் வந்தது. அதில் ஏற்றுகிற வேலையையும் என் தலையில் கட்டினார்கள்.

இங்கே எங்கள் கண்காணிப்பாளர் ஞானதாஸ் சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தக்கலைக்காரர். எந்தத் தாளையும் மர ஸ்கேல் ஒன்றை வரிக்கு அடியில் வைத்து, வாய்க்குள் முணுமுணுத்து, வரிவரியாக இறங்கித்தான் படிப்பார். திருமண அழைப்பிதழைக்கூட அப்படித்தான் படித்தார், நான் பார்த்திருக்கிறேன். யாருக்கும் ‘முடியாது’ என்று வாயால் சொன்னதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “எழுதிக் கொண்டு வாரும் ஓய்” என்பார். எழுதினால் பிழை பிடிப்பார். பிழை இல்லாவிட்டால் “கொள்ளாம்” என்பார், நன்றாயிருக்கிறது என்று அர்த்தம். இருபது வருடத்தில் எனக்கு அந்தக் ‘கொள்ளாம்’ நாலோ ஐந்தோ முறை கிடைத்திருக்கும்.

அவருக்கு உயிர் எதில் என்றால், அலுவலக முத்திரையில். நாங்கள் சீல் என்போம். சீல் சாயக்கூடாது. கையெழுத்தின் மேல் கால்பங்கு படிய வேண்டும், எழுத்தை மறைக்கக்கூடாது. இணையதளம் வந்ததும் அவர் முதலில் கேட்ட கேள்வி, “சீலு எங்க ஓய்?”

“கம்ப்யூட்டர்ல சீல் வைக்க முடியாது சார்.”

“அப்போ ஊர்ல எவன் வேணும்னாலும் தட்டிப் போட்டுட்டு நம்ம உத்தரவுன்னு சொல்லலாம், இல்லியா? சீலு தெரியணும். எப்பிடியாவது தெரியணும்.”

எப்படியாவது தெரியவைத்தேன். கணினியில் தட்டச்சு செய்வேன். அச்செடுப்பேன். சார் ஸ்கேல் வைத்துப் படிப்பார். எங்கள் மேலதிகாரியான அலுவலர் பச்சை மையில் கையெழுத்திடுவார். சீல் வைப்போம். மை காய்ந்ததும் ஸ்கேனரில் கவிழ்த்துப் படம் எடுத்து, ஓரத்து அழுக்கைத் துடைத்து, நேராக்கி, அந்தப் படத்தை இணையதளத்தில் ஏற்றுவேன். கணினியில் பிறந்ததைக் காகிதமாக்கி, காகிதத்தைப் படமாக்கி மறுபடியும் கணினிக்கே அனுப்புகிறோமே, இடையில் என்ன நடந்தது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. மாறாக, பெருமை தாங்கவில்லை. முகப்பில் ‘புதியது’ என்று சிவப்பில் மினுங்கும் ஒரு பட்டையும் வைத்தேன். பக்கத்து அலுவலகத் தட்டச்சர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். “கோயில் சித்திரம் மாதிரி இருக்கு தாணு” என்றார் ஒருவர். சுசீந்திரத்துக்காரனிடம் சொல்கிற வார்த்தையா அது? நான் தரையில் நடக்கவில்லை.

2011 வாக்கில் மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கிய இளநிலை உதவியாளர் இடங்கள் சிலவற்றை எங்கள் அலுவலகம் நிரப்பியது. தேர்வெழுதித் தேறியவர்களைச் சான்றிதழ் சரிபார்ப்புக்கு அழைக்கும் பட்டியலை வெளியிட வேண்டும். விளம்பரத்திலேயே, ‘பட்டியல் இணையதளத்திலும் அலுவலகப் பலகையிலும் வெளியிடப்படும், தனியே கடிதம் அனுப்பப்படமாட்டாது’ என்று போட்டிருந்தோம். என் வாழ்நாளில் நான் செய்த ஆக அழகான ஸ்கேன் அந்தப் பட்டியல்தான். சீல் அப்படியே செங்குத்தாக நின்றது. ஒரு பிரதியை மாடியில் எங்கள் பிரிவு வாசலிலிருந்த அறிவிப்புப் பலகையில் நானே பசை தடவி ஒட்டினேன்.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை, சரிபார்ப்பு நடந்து முடிந்தது. நாலு பேர் வரவில்லை. ‘வருகை இல்லை’ என்று எழுதினோம்.

மறுநாள் காலை வாசலில் ஒரு வெள்ளைக் கோல் தட்டும் சத்தம்.

“இருபத்திரெண்டு படி சார்” என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் உள்ளே வந்தார். முப்பதைத் தாண்டிய வயது, தோளில் பை. “மாற்றுத்திறனாளிக்கான நோட்டீஸ் எல்லாம் மாடியிலதான் ஒட்டுவியளாமே. நல்ல இடமாத்தான் பாத்திருக்கிய.”

பசைத் தூரிகை என் மேசையில்தான் கிடந்தது. அவருக்குப் பார்வை இல்லை என்பது தெரிந்தும் அதைக் காகிதத்தால் மூடினேன்.

“என்ன விஷயமா வந்தியம்மா?”

“மணக்குடியில இருந்து வாறேன் சார். சகாய லில்லி. சரிபார்ப்பு லிஸ்ட் எப்போ போடுவிய? தினமும் காலையிலயும் சாயங்காலமும் உங்க வெப்சைட்டத் தொறந்து பாக்கேன். ஒண்ணும் காணல்ல.”

எனக்குச் சுருக்கென்றது. சட்டத்துக்காக அல்ல, என் கலைக்காக.

“போடலியா? மூணு வாரமா கெடக்கு! பதினொண்ணாவது பேரு உங்க பேருதான். நேத்தோட சரிபார்ப்பே முடிஞ்சாச்சே!”

அவர் கையிலிருந்த கோலை மடக்கினார். ஒவ்வொரு கணுவாக, நிதானமாக மடக்கினார். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அதை மடியில் வைத்துக்கொண்டபின் கேட்டார்.

“நேத்தா சார்?”

“ஆமா.”

“அடுத்த வாட்டி வயசு தாண்டிரும் சார். இதுதான் கடைசி.”

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? ‘பொறுங்க, பாப்போம்’ என்றாவது சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: “மினுங்குற பட்டையெல்லாம் வச்சிருக்கேனே, எப்பிடி விட்டிய?”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறேன் என்று உறைத்தது. லில்லி சிரித்துவிட்டார். அந்த நேரத்திலும் சிரித்தார். பையிலிருந்து ஒரு மடிக்கணினியை எடுத்தார். மஸ்கட்டில் இருக்கும் அண்ணன் கொண்டு தந்ததாம். திரையில் இருப்பதைச் சத்தமாகப் படித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது.

“அந்த லிஸ்ட்ட ஒரு பென் டிரைவுல தாங்க. நீங்க போட்டது எனக்கு எப்பிடிக் கேட்டுதுன்னு கேளுங்க.”

கொடுத்தேன். என் சித்திரத்தைத் திறந்தார். ஜலதோஷம் பிடித்த வெள்ளைக்காரன் தமிழ் பேசுகிறாற்போல ஒரு குரல் வந்தது.

“பக்கம் ஒன்று. காலி.”

அம்பு விசையைத் தட்டினார்.

“பக்கம் இரண்டு. காலி.”

பெயரைச் சொல்லவில்லை. தேதியைச் சொல்லவில்லை. சீலைக்கூடச் சொல்லவில்லை. “வெறும் படம் சார். படத்துல எழுத்து இருக்குன்னு இதுக்குத் தெரியாது” என்றார் லில்லி. “உங்க மினுங்குற பட்டையும் அப்பிடித்தான். மூணு வாரமா எனக்குக் ‘காலி, காலி’ன்னுதான் சொல்லிச்சு. நானும் இன்னும் போடலன்னு நெனச்சேன்.”

நேராக ஞானதாஸ் சார் மேசைக்குப் போனேன். லில்லியும் கோலை விரித்துக்கொண்டு பின்னால் வந்தார்.

சார் முழுவதையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றினார்.

“வராதவியளுக்கு மறுவாய்ப்பு கெடையாதுன்னு விளம்பரத்துல இருக்கு. நாம சீலு வச்சு அறிவிச்சிருக்கோம்.”

“சார்” என்றார் லில்லி. “சீலு எனக்குக் கேக்காது.”

சார் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். அதை மாட்டிக்கொண்டார்.

“வெள்ளிக்கிழம தேர்வுப் பட்டியல் மேலிடத்துக்குப் போவும். அதுக்கு மேல நானும் நீரும் தலைகீழா நின்னாலும் நடக்காது. எழுதிக் கொண்டு வாரும் ஓய்.”

கோப்பில் எழுதும் குறிப்பு ஒன்றே வழி. அதில் தவறு விண்ணப்பதாரருடையது என்றால் கதை முடிந்தது. தவறு அலுவலகத்துடையது என்றால் அலுவலர் மறுதேதி கொடுக்கலாம். எத்தனையோ பேருக்குக் குறிப்பு தட்டிக் கொடுத்தவன் நான், முதல்முறையாக எனக்கே தட்டுகிறேன்.

முதல் வரைவில், ‘தொழில்நுட்பக் காரணங்களால் பட்டியல் சிலரைச் சென்றடையவில்லை’ என்று எழுதினேன். சார் ஸ்கேலை வைத்தார்.

“யாரு ஓய் இந்தத் தொழில்நுட்பம்? எந்த செக்ஷன்ல வேல பாக்கான்?”

இரண்டாவதில், ‘கவனக்குறைவு ஏற்பட்டுள்ளது.’

“யாருக்க கவனம்?”

“என்னுது சார்.”

“அப்போ அத எழுதும்.”

மூன்றாவது வரைவு நாலே வரி. பட்டியலைப் படமாக ஏற்றியது நான். பார்வையற்றோர் பயன்படுத்தும் மென்பொருள் படத்தைப் படிக்காது என்பது எனக்குத் தெரியாது. ஆகவே பதினொன்றாம் எண் விண்ணப்பதாரருக்கு இப்பட்டியல் அறிவிக்கப்படவே இல்லை. மறுதேதி வழங்கலாம்.

சார் ஸ்கேலை நாலு முறை இறக்கினார். ‘கொள்ளாம்’ சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் பேனாவை எடுத்து என் வரிகளுக்குக் கீழே தன் கையால் எழுதினார்: ‘முத்திரை தெரியும்படியே ஏற்ற வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவிட்டது நான்.’ கையெழுத்திட்டார். இருபது வருடமாக எல்லாரையும் எழுதிக் கொண்டுவரச் சொன்ன மனிதர், தான் வாயால் சொன்னதை அன்று எழுதினார். நான் வாயைப் பிளந்து நின்றேன்.

“என்ன பாக்குதீரு? அலுவலர்கிட்ட கொண்டு போம்.”

அலுவலர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. ஒருவருக்கு மட்டும் தேதி கொடுத்தால் மற்ற மூவர் வழக்குப் போடுவார்கள். ஆகவே வராத நால்வரின் பட்டியலும் எல்லாரும் படிக்கும்படி, கேட்கும்படி, இன்றே மறுபடி வெளிவர வேண்டும். சரிபார்ப்பு வியாழக்கிழமை.

மணி மூன்று. லில்லிக்குக் கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு. நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். அடுத்த இரண்டரை மணி நேரம்போல என் வேலைக்காலத்தில் நான் துள்ளியதில்லை.

முதல் முயற்சி. தட்டினேன், கொடுத்தேன். குரல் இங்கிலீஷ் எழுத்துகளாகக் கொட்டியது. பழைய தமிழ் எழுத்துரு! திரையில் நமக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது முழுக்க இங்கிலீஷ் எழுத்து. “யூனிகோட்ல அடிக்கணும் சார்” என்றார் லில்லி. அது என்ன, எங்கே இருக்கிறது, எந்தப் பொத்தான் என்று அவர் சொல்லச் சொல்ல நான் தேடினேன். கண் உள்ளவனுக்குக் கண் இல்லாதவர், “வலது கீழ் மூலையில பாருங்க, மொழின்னு ஒரு சின்ன கட்டம் இருக்கும்” என்று வழி காட்டினார். இருந்தது.

இரண்டாம் முயற்சி. தமிழ் பேசியது! நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் குரல் பெயரைச் சொல்லாமல் வேறு என்னவோ சொன்னது. “ஸ்டார் ஸ்டார் ஸ்டார் ஸ்டார் ஸ்டார்...”

“என்ன சார் இது? வானத்தையா டைப் அடிச்சிருக்கிய?”

தட்டச்சர்களான எங்கள் வழக்கம் அது. தலைப்புக்குக் கீழே ஒரு வரி நிறைய நட்சத்திரம் தட்டுவோம். பெயருக்கும் ஊருக்கும் நடுவே கோடு இழுக்கச் சிறு கோடுகளாக அடுக்குவோம். நெடுவரிசை நேராக நிற்க இடைவெளிப் பட்டையை இருபது தடவை தட்டுவோம். பார்க்க ஜோராக இருக்கும். அந்தக் குரல் நாற்பது நட்சத்திரத்தையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொன்ன பிறகு, “டாஷ் டாஷ் டாஷ்” என்று கிளம்பியது. லில்லி மேசையில் தலையை வைத்துச் சிரித்தார். ஞானதாஸ் சார் ஸ்கேலோடு எழுந்து வந்தார்.

“ஓய், நல்லா இருக்குன்னு நெனச்சு நீரு அடிச்சதையெல்லாம் எடும். உள்ளத மட்டும் வையும்.”

நட்சத்திரத்தை அழித்தேன். கோட்டை அழித்தேன். இருபது வருடம் பழகிய அலங்காரம் பத்து நிமிடத்தில் போயிற்று. ஒழுங்கான அட்டவணை ஒன்றை லில்லி சொல்லித்தந்தபடி போட்டேன். ஐந்தே கால். மூன்றாம் முயற்சி.

“வரிசை எண் பதினொன்று. பெயர், சகாய லில்லி. ஊர், மணக்குடி. சரிபார்ப்பு நாள், வியாழன். காலை பத்து மணி.”

லில்லி, “இன்னொரு தடவ வைக்கட்டா சார்?” என்று மட்டும் கேட்டார். வைத்தார். மூன்று தடவை வைத்தார். பிரிவில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் ஞானதாஸ் சார் சொன்னார்:

“கொள்ளாம்.”

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று இன்றுவரை எங்களுக்குள் தகராறு. நான் என்னை என்கிறேன். லில்லி, “அவரு என் லேப்டாப்பச் சொன்னாரு சார்” என்கிறார்.

வியாழக்கிழமை சரிபார்ப்பை மாடியில் வைக்கவில்லை. சார் ஜீப்பை வெளியே எடுக்கச் சொல்லி, அது நிற்கிற கொட்டகையில் மேசை போட்டார். எண்ணெய் வாசனைக்கு நடுவே சான்றிதழ் பார்த்தோம். பூதப்பாண்டியிலிருந்து மூன்றுசக்கர வண்டியில் ஒருவர் வந்தார். வராத நால்வரில் அவரும் ஒருவர். “போன மாசமே லிஸ்ட் பாக்க வந்தேன் சார். படியப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்” என்றார். யாரிடமும் கோபப்படாமல் சொன்னார். எனக்கு அது லில்லியின் கேலியைவிட உறைத்தது. அதன்பின் பலகை கீழே வந்தது. பசை தடவியது நான்தான், இந்த முறை சரியான உயரத்தில்.

லில்லி தேர்வானார். இடம் ஒதுக்கியபோது எங்கள் பிரிவுக்கே வந்து சேர்ந்தார், எனக்கு எதிர் மேசை. வந்த முதல் வாரத்தில் ஞானதாஸ் சார் புதிய நடைமுறை ஒன்றை, இந்த முறை எழுத்திலேயே, கொடுத்தார்: இணையதளத்தில் ஏறும் எதுவும் முதலில் லில்லி காதுக்குப் போக வேண்டும். சீலைப் பற்றி அவர் பிறகு கேட்கவே இல்லை. “லில்லி கேட்டாச்சா?” என்றுதான் கேட்பார். ஓய்வுபெற்றுப் போகும்வரை கேட்டார். பழக்கதோஷத்தில் என் கை ஸ்கேனர் பக்கம் போய்க்கொண்டே இருந்ததால், எனக்கு நானே எழுதி ஒட்டிக்கொண்ட எச்சரிக்கைதான் அந்தத் தாள். லில்லி இப்போது மாற்றலாகி வேறு அலுவலகத்தில் இருக்கிறார், தாள் மட்டும் அங்கேயே நிற்கிறது.

பிறகு எனக்கு ஒரு வெறியே பிடித்துவிட்டது. எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அங்கே இருக்கிற தட்டச்சரிடம், “உங்க லிஸ்டு பேசுமா?” என்று கேட்பேன். வேலை முடிந்து லில்லியும் நானும் பேருந்து ஏறி ஊர் ஊராகப் போய்க் காட்டினோம். தக்கலைப் பக்கம் ஓர் அலுவலகத்தில் ஒருவர், “இங்கன கண்ணு தெரியாதவிய ஒருத்தரும் வாறதில்ல சார், பின்ன எதுக்கு?” என்றார். லில்லி, “அண்ணாச்சி, வராதவியள எப்பிடி எண்ணினிய?” என்று கேட்டார். அந்த மனிதர் அன்றே யூனிகோடுக்கு மாறினார். நானோ பட்டபின் தாமதமாக மாறியவன், ஆனாலும் மேடை கிடைத்தால் நான்தான் அதைக் கண்டுபிடித்த மாதிரி பேசுவேன். லில்லி பின்னாலிருந்து இருமுவார்.

2016இல் என் முறை வந்தது. கடைசி நாள் மதியம். கூட்டம் கூடிவிட்டது, லட்டு வந்துவிட்டது. ஞானதாஸ் சாரும் தக்கலையிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். என்னை விடுவிக்கும் ஆணை மேலிடத்திலிருந்து மின்னஞ்சலில் வந்தது. நடைமுறைப்படி லில்லி காதுக்குப் போனது.

“சார், நீங்க ஓய்வு பெறல்ல.”

“என்னத்த மக்கா?”

“காலின்னு சொல்லுது. படம். சீலு ரொம்ப நேராத்தான் இருக்குமாயிருக்கும்.”

போய்ப் பார்த்தேன். சீல் செங்குத்தாக நின்றது. அப்படி ஓர் அழகு. மேலிடத்தில் எவனோ என்னைப்போல ஒருவன்!

முன்வரிசையிலிருந்து குரல் வந்தது. “எழுதிக் கொண்டு வாரும் ஓய்.”

லட்டுக் கைகளெல்லாம் காத்திருக்க, மாலையைக் கழற்றி வைத்துவிட்டு உட்கார்ந்து, படத்துக்குத் துணையாக என் ஓய்வு ஆணையை நானே தட்டினேன். யூனிகோட். ஒழுங்கான தலைப்பு. உள்ளது மட்டும். லில்லி திறந்தார். ஜலதோஷக்காரன் கூட்டத்துக்கு முன் நிதானமாகப் படித்தான்: திரு. தாணுமாலயன், தட்டச்சர், இன்று பிற்பகல் பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார். கைதட்டினார்கள். தட்டி முடியுமுன் குரல் மறுபடி தொடங்கியது.

“ஸ்டார் ஸ்டார் ஸ்டார் ஸ்டார்...”

சத்தியமாக எனக்குத் தெரியாது. ஆணை முடிந்ததும் விரல் தானாகப் போய் ஒரு வரி நிறையத் தட்டியிருக்கிறது. கூடமே சிரித்தது. ஞானதாஸ் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். லில்லியின் விரல், நிறுத்துகிற பொத்தானின் மேலேயே இருந்தது. அழுத்தவில்லை.

“நிறுத்து மக்கா, மானம் போவுது.”

“இருக்கட்டும் சார்” என்றார் லில்லி. “இன்னிக்கு முழுசும் கேப்போம்.”

நாற்பதையும் கேட்டோம்.